முடிந்தது என்று யார் சொல்வது?

ஹாம்லெட் நாடகம் முடிகிறபோது மேடையில் நான்கு பேர் செத்துக் கிடப்பார்கள். டென்மார்க் இளவரசன், அவன் தாய், அவளை மணந்துகொண்ட சித்தப்பன், வாள் சண்டைக்கு வந்த லேயர்டீஸ். 1600ஐ ஒட்டிய வருஷங்களில் லண்டன் குளோப் அரங்கில் இதை நடித்தபோது நேரம் பட்டப்பகல். முற்றத்துக்கு மேலே திறந்த வானம். மேடையின் மூன்று பக்கமும் ஜனங்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். முன்னால் இழுத்து மூட ஒரு திரை கிடையாது. கதை முடிந்துவிட்டது, சரி. செத்தவர்கள் எப்படி உள்ளே போவது? எழுந்து நடந்தால், அதுவரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கூட்டம் கொல்லென்று சிரித்துவிடும்.

ஷேக்ஸ்பியர் அதற்கு வழி செய்துவைத்திருக்கிறார். நார்வே இளவரசன் ஃபோர்டின்பிராஸ் படையோடு உள்ளே வருகிறான். நான்கு தளபதிகள் ஹாம்லெட்டின் உடலைச் சுமந்து போகட்டும் என்று உத்தரவிடுகிறான். பீரங்கி முழங்குகிறது. வகுப்பில் எங்களுக்கு இதைப் போர்வீரனுக்குச் செய்யும் மரியாதை என்று சொல்லிக்கொடுத்தார்கள். மரியாதைதான். ஆனால் மேடைக்குப் பின்னால் வேலை செய்தவனுக்கு அதில் இன்னொரு காரியமும் தெரியும். மேடையைக் காலி செய்ய ஆள் வேண்டும். அந்த ஆட்களுக்கு அவர் தளபதி வேஷமும், துக்கம் குறையாத ஒரு நடையும் கொடுத்திருக்கிறார்.

அதற்கு அப்புறமும் ஜனங்கள் போய்விட மாட்டார்கள். தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துப் பயணி 1599 செப்டம்பர் 21 அன்று லண்டனில் ஜூலியஸ் சீசர் கதையை நாடகமாகப் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதிவைத்தார். நாடகம் முடிந்ததும் ஆண் உடையில் இருவர், பெண் உடையில் இருவர் வந்து அழகாக ஆடினார்களாம். எப்பேர்ப்பட்ட சோக நாடகமானாலும் கடைசியில் ஓர் ஆட்டம் உண்டு. அந்த ஆட்டம் வந்தால்தான் அன்றைய பொழுது முடிந்தது.

நான் திருச்சியில் ஓர் அமெச்சூர் நாடகக் குழுவில் பல வருஷம் திரை இழுத்தவன். பகலில் அலுவலகம், மாலையில் ஒத்திகை. அதனால்தானோ என்னவோ, ஆங்கிலப் பத்திரிகைகளில் முடிவைப் பற்றி எழுதும் எழுத்து என் காதில் வேறு மாதிரி விழும். ஓர் அணி இனி தேறாது என்றால் 'கர்ட்டன்ஸ்' என்பார்கள். வயதான ஆட்டக்காரர் ஓய்வு பெற்றால் 'பவ் அவுட்' ஆகிறார், அதாவது குனிந்து வணங்கிவிட்டு மேடையைவிட்டு விலகுகிறார். ஆட்டம் கடைசி நிமிஷம் வரை இழுத்தால், குண்டுப் பெண்மணி இன்னும் பாடவில்லை என்பார்கள். எல்லாமே ஒரு காலத்தில் யாரோ கையால் செய்த வேலை, யாரோ கொடுத்த சைகை. முடிந்தது என்று சொல்லும் அதிகாரம் அன்றைக்கு யாரிடம் இருந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், அந்தச் சொற்களுக்குப் பின்னால் நிற்கிற மனிதர்கள் ஒவ்வொருவராகத் தெரிகிறார்கள்.

முதலில் திரை. அது விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்பது நமக்குப் பழகிப்போன விஷயம். ரோமானியர்களுக்கு இது நேர்மாறு. அவர்களுடைய அரங்குகளில் மேடையின் முன்விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு பள்ளம் இருக்கும். நாடகம் தொடங்கும்போது திரை அந்தப் பள்ளத்துக்குள் இறங்கும். முடியும்போது கீழேயிருந்து எழும்பி மேடையை மறைக்கும். திரைத்துணியில் மனித உருவங்கள் இருக்கும். அது ஏற ஏற முதலில் முகம், பிறகு உடம்பு, கடைசியில் பாதம் என்று அவை முழுசாக எழுந்து நிற்பதைக் கவிஞர் ஓவிட் ஓர் உவமையாகவே கையாண்டிருக்கிறார்.

அந்தக் காலத்திலேயே இது கொட்டகையைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. கி.மு. 56இல் கேலியுஸ் என்ற இளைஞனுக்காக சிசரோ நீதிமன்றத்தில் வாதாடினார். விஷச் சிமிழைக் கொண்டுவந்த ஆளைக் குளியல் மண்டபத்தில் மடக்கப் போனோம், அவன் நழுவி ஓடிவிட்டான் என்பது எதிர்த்தரப்பின் கதை. சிசரோ அதைப் பிடித்துக்கொண்டார். இது நாடகத்தின் முடிவே இல்லை, மலிவான கூத்தின் முடிவு என்றார். கதையை எப்படி முடிப்பது என்று தெரியாவிட்டால் ஒருவன் கைநழுவி ஓடுவான், காலில் கட்டிய தாளக்கட்டையைத் தட்டுவார்கள், திரை எழும்பிவிடும் என்று அவர் சொன்னது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்திருக்கும். கேலியுஸ் விடுதலையானான்.

ரோமில் திரையை ஏற்றுவது பணியாளின் வேலை. ஆனால் முடிவை முடிவாக ஆக்கியது கைதட்டல். பிளாட்டஸ், டெரன்ஸ் ஆகியோரின் நகைச்சுவை நாடகங்களில் கடைசியாக ஒருவர் சபையைப் பார்த்துக் கைதட்டச் சொல்வார். சக்கரவர்த்தி அகஸ்டஸ் கி.பி. 14இல் நோலா என்ற ஊரில் சாகக் கிடந்தபோது கண்ணாடி கேட்டு வாங்கித் தலையைச் சீவிக்கொண்டதாக வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். பிறகு நண்பர்களைக் கூப்பிட்டு, வாழ்க்கை என்ற இந்தக் கூத்தில் என் வேஷத்தைச் சரியாகச் செய்தேனா என்று கேட்டாராம். செய்திருந்தால் கைதட்டி வழியனுப்புங்கள் என்று நாடகம் முடிக்கிற பாணியிலேயே சொன்னாராம். நாற்பது வருஷத்துக்கு மேல் ரோமை ஆண்ட மனிதர் கடைசியில் சபையின் உத்தரவைக் கேட்கிறார்.

இந்த அதிகாரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. குண்டு வெடித்த செய்தியில் 'எக்ஸ்ப்ளோட்' என்று படிக்கிறோமே, அதன் லத்தீன் வேர் கொட்டகையில் இருக்கிறது. பிடிக்காத நடிகனைக் கைதட்டியும் கூச்சலிட்டும் மேடையைவிட்டு விரட்டுவதற்கு அந்தப் பெயர். பாராட்டிக் கைதட்டுவதும் விரட்டக் கைதட்டுவதும் ஒரே வேரில் கிளைத்தவை. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில்கூட இந்தப் பழைய பொருளில் அது வழங்கியது. வெடிமருந்தோடு அது ஒட்டிக்கொண்டது பிற்பாடுதான். 1900களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் பவரி தெருக் கொட்டகைகளில் புதுமுகங்களுக்கு ஒரு மேடை நாள் வைப்பார்கள். சகிக்காவிட்டால் சபை 'கொக்கியைப் போடு' என்று கத்தும். பக்கவாட்டிலிருந்து வளைந்த நுனி கொண்ட நீளக் கழி ஒன்று வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும். வேலையிலிருந்து ஒருவரை நீக்கினால் இன்றும் அமெரிக்கர்கள் கொக்கி போட்டுவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. எனக்கு அந்தக் கழியை நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது. மேடையில் தடுமாறுகிறவனுக்கு ஒரு நிமிஷம் கொடுத்தால் அவன் சுதாரித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

கிரேக்கர்கள் முடிவைத் தெய்வத்திடம் கொடுத்திருந்தார்கள். மேடைக்கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பாரந்தூக்கி. சிக்கல் முற்றிப்போய் மனிதர்களால் அவிழ்க்க முடியாதபோது அதில் தொங்கியபடி ஒரு தெய்வம் வந்து தீர்ப்புச் சொல்லும். கதையிலோ அரசியலிலோ எங்கிருந்தோ ஒரு தீர்வு வந்து குதித்தால் அதை இன்றும் 'டியூஸ் எக்ஸ் மாகினா' என்கிறார்கள். இயந்திரத்திலிருந்து இறங்கிய தெய்வம். அரிஸ்டாட்டிலுக்கு இது பிடிக்காது. யூரிப்பிடீஸ் கி.மு. 431இல் அரங்கேற்றிய மெடியா நாடகத்தையே அவர் குறையாகச் சொல்கிறார். இதில் நான் யூரிப்பிடீஸ் கட்சி. பெற்ற பிள்ளைகளைக் கொன்ற ஒருத்தி, சூரியனின் தேரில், யாருக்கும் எட்டாத உயரத்தில் நின்று புருஷனோடு பேசுகிறாள். தரையில் நின்று பேசியிருந்தால் அந்தப் பயங்கரம் வந்திருக்காது.

பேரழிவு என்று நாம் எழுதுகிற இடத்தில் ஆங்கிலத்தில் வரும் 'கட்டாஸ்ட்ரஃபி'யும் நாடகக்காரர்களின் சொல்தான். கதை கடைசியாகத் திரும்புகிற இடம் அது. கல்யாணத்தில் முடிகிற நகைச்சுவை நாடகத்துக்கும் அது உண்டு. கிங் லியர் நாடகத்தில் எட்மண்ட் தன் அண்ணன் சமயத்தில் வந்து நிற்பதைப் பழைய நகைச்சுவை நாடகத்தின் அந்த முடிவோடுதான் ஒப்பிடுகிறான். கொட்டகைகளில் சிவப்பு விளக்கில் எரிகிற 'எக்ஸிட்', தேர்தல் சமயத்தில் வாய்க்கு வாய் வருகிற 'எக்ஸிட் போல்', இவற்றுக்கும் நாடகப் பிரதியோடு சொந்தம் உண்டு. அவன் வெளியே போகிறான் என்று நடிகனுக்கு எழுதிய லத்தீன் குறிப்பு அது.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். 1642இல் நாடாளுமன்றம் லண்டன் அரங்குகளை மூடியது. 1660இல் மன்னராட்சி திரும்பிய பிறகு எழுந்த அரங்குகள் கூரை போட்டவை. மேடைக்கு முன்னால் சித்திரச் சட்டம் மாதிரி ஒரு வளைவு, அந்த வளைவில் திரை. ஆரம்பத்தில் அது ஒரு தடவை ஏறினால் நாடகம் முழுக்க மேலேயே இருக்கும். ஒவ்வோர் அங்கத்துக்கும் இறக்குகிற வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில்தான் வேரூன்றியது. இறக்குகிறவர்கள் மேலே பரணில் இருந்தார்கள். மேடையில் நடப்பது அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. ஓரத்தில் பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ப்ராம்ப்டர் மணியடிப்பார். அதைக் கேட்டு இறக்குவார்கள். ஒரு காரியத்தை முடித்துவைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரிங் டவுன் தி கர்ட்டன்' என்று சொல்வது அந்த மணியோசையில்தான்.

எங்கள் குழுவில் மணி கிடையாது. ப்ராம்ப்டர் அண்ணன் நோட்டை மூடுவார், அதுதான் எனக்குச் சைகை. மேலே இரண்டு கோடியிலும் கப்பி, சுற்றிவரும் ஒரே கயிறு. ஒரு கை இழுக்கும்போது இன்னொரு கை விட்டுக்கொடுக்க வேண்டும். பாதி தூரம் துணி தானாக வரும், நடுவில் இரண்டு பாதியும் சந்திக்கிற இடத்தில்தான் கனம் தெரியும். சோகக் காட்சிக்கு மெதுவாக, சிரிப்புக் காட்சிக்கு ஒரே இழுப்பில். புதுசாக நான் சேர்ந்தபோது அவர் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "தம்பி, வசனம் முடிஞ்சுதேன்னு இழுத்துடாதே. கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கிறவன் மேல அது போய் விழணும். அப்புறம் இழு." அந்த இரண்டு மூன்று விநாடி முழு அரங்கும் என் கையில் இருக்கும். ப்ராம்ப்டர் மணியைப் பற்றிப் படித்தபோதெல்லாம் இந்தக் கயிறுதான் என் நினைவுக்கு வந்தது.

வளைவும் திரையும் நம்மிடம் வந்த கதையும் இதோடு சேர்ந்ததே. ஆங்கில அரங்கைப் பார்த்து பம்பாய் பார்சி கம்பெனிகள் வரைந்துகொண்ட படுதாக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ் மேடைக்கும் வந்தன. முடிவுக்கு மட்டும் நாம் திரையை நம்பவில்லை. மங்களம் பாடினால்தான் முடிந்தது. மங்களம் பாடியாச்சு என்று கடையை மூடுவதற்கும் கட்சி கலைவதற்கும் சொல்கிறோமே, அது அங்கிருந்து வந்த பேச்சு.

நாடகம் முடியுமுன்னே திரை விழுந்த ஒரு ராத்திரி உண்டு. 1812 ஜூன் 29, லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கம். சாரா சிடன்ஸ் மேடையைவிட்டு விடைபெறும் நாள். லேடி மேக்பெத் வேஷம் அவருக்கென்றே பிறந்தது என்று லண்டன் நம்பிய காலம். ஐந்தாம் அங்கத்தின் தொடக்கத்தில் அவள் தூக்கத்தில் நடந்துவந்து, இல்லாத ரத்தத்தைக் கையிலிருந்து கழுவுகிற காட்சி. அதோடு அவள் பாத்திரம் முடிந்தது, ஆனால் நாடகம் முடியவில்லை. மேக்பெத் இன்னும் உயிரோடு இருக்கிறான், போர் பாக்கி இருக்கிறது. சபை விடவில்லை. காட்சி முடிந்ததும் எழுந்த ஆரவாரம் அடங்கவே இல்லை. இதற்குமேல் நடத்த முடியாது என்று திரையைப் போட்டுவிட்டார்கள். திரும்பத் திறந்தபோது வேஷத்தைக் கலைத்துவிட்டுத் தன் சொந்த உடையில் சிடன்ஸ் உட்கார்ந்திருந்தார். எழுந்துவந்து விடைபெறும் உரையைச் சொன்னார். ஷேக்ஸ்பியர் எழுதிய முடிவு அன்றைக்கு நடக்கவில்லை. சபைக்கு வேண்டிய முடிவு நடந்தது. ஓய்வு பெறும் பெரியவர்களை 'ஃபைனல் பவ்' எடுத்தார்கள் என்று எழுதும்போது, எனக்குத் தோன்றுவது அந்த நாற்காலிதான்.

திரைக்குப் பயத்திலிருந்து பிறந்த ஒரு தம்பியும் உண்டு. மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் பிறகு காஸும் எரிந்த அரங்குகளில் தீ எப்போதும் பக்கத்திலேயே நின்றது. 1794இல் புதுசாகக் கட்டித் திறந்த ட்ரூரி லேன் அரங்கில் மேடைக்கும் சபைக்கும் நடுவே இறக்க ஓர் இரும்புத் திரை வைத்தார்கள். திறப்பு விழாவில் நடிகை எலிசபெத் ஃபாரன் பின்னுரை சொல்லும்போது அதை இறக்கியே காட்டினார்கள். 1809 பிப்ரவரி 24 ராத்திரி அந்த அரங்கமே எரிந்து சாம்பலானது. 1887இல் எக்ஸிடர் நகர அரங்கில் மூண்ட தீயில் 186 பேர் மாண்டார்கள். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வா அரங்கில் கல்நார்த் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக அறுநூறு பேருக்குமேல் போய்விட்டார்கள். திரை இழுத்தவனால் இந்தச் செய்தியைச் சும்மா படிக்க முடியாது. அந்தக் கயிற்றில் நின்றவர்களை நினைத்துக்கொண்டே இருப்பேன்.

ஏழு வருஷம் கழித்து எடின்பரோவில் நடந்தது வேறு. 1911 மே 9, எம்பயர் பேலஸ் அரங்கம். தி கிரேட் லஃபாயெட் என்று பெயர் வாங்கிய மாயாஜாலக்காரரின் நிகழ்ச்சி. ஜெர்மனியில் பிறந்தவர், இயற்பெயர் சிக்மண்ட் நியூபெர்கர். சபையில் ஏறத்தாழ மூவாயிரம் பேர். கடைசி அம்சம் 'சிங்கத்தின் மணமகள்', மேடையில் நிஜச் சிங்கம். ஒரு விளக்கிலிருந்து தீ பற்றி அலங்காரத் துணிகளில் பரவியது. இதுவும் வித்தையில் ஒன்று என்று ஜனங்கள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்புத் திரை இறங்கியது. வாத்தியக் குழு 'காட் சேவ் தி கிங்' வாசிக்கத் தொடங்கியது.

அந்தப் பாட்டு வாசித்தால் நிகழ்ச்சி முடிந்தது என்று அன்றைய பிரிட்டனில் குழந்தைக்கும் தெரியும். 1745இல் ஸ்காட்லாந்தில் கலகப்படை எழுந்து லண்டன் நடுங்கிய சமயத்தில் ட்ரூரி லேனில் முதல்முதலாகப் பாடி, அப்புறம் கொட்டகை கொட்டகையாகப் பரவிய வழக்கம். எழுந்து நிற்க வேண்டும், முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும். எடின்பரோவிலும் எழுந்தார்கள், வாசலைப் பார்த்து நடந்தார்கள். நெரிசல் இல்லை, மிதிபட்டு யாரும் சாகவில்லை. மூவாயிரம் பேரும் சில நிமிஷத்தில் தெருவுக்கு வந்துவிட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் லஃபாயெட்டும் அவர் குழுவினருமாகப் பத்துப் பேருக்குமேல் இறந்தார்கள். முதலில் லஃபாயெட் என்று நினைத்து எடுத்த உடல், மேடையில் அவரைப் போலவே வேஷம் போட்டுவந்த இன்னொருவருடையது. லஃபாயெட்டின் உடல் பிறகுதான் மேடைக்குக் கீழே கிடைத்தது. முடிவின் சைகையை முன்கூட்டியே வாசித்து ஒரு சபையையே காப்பாற்றிய அந்த வாத்தியக்காரர்களைப் பற்றி நம்மூர்ப் பாடப் புத்தகத்தில்கூட எழுதலாம் என்று தோன்றும்.

அந்த இரும்புத் திரைதான் அரசியலுக்குப் போனது. 1946 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் ஃபுல்டன் நகரில் ஐரோப்பாவின் குறுக்கே இரும்புத் திரை இறங்கிவிட்டது என்று சர்ச்சில் பேசியது உலகத்துக்கே தெரியும். அவருக்கு முன்னால் அதைச் சொன்னவர்கள் உண்டு. அவர்களில் என்னை மிகவும் உலுக்கியவர் ரஷ்ய எழுத்தாளர் வசீலி ரோசனவ். புரட்சிக்குப் பின், சாவதற்குச் சற்று முன்னால் எழுதினார். ரஷ்ய வரலாற்றின் மேல் இரும்புத் திரை கிறீச்சிட்டுக்கொண்டு இறங்குகிறது. ஆட்டம் முடிந்தது. சபை எழுந்திருக்கிறது, கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டிய நேரம். திரும்பிப் பார்த்தால் கோட்டும் இல்லை, வீடும் இல்லை. இதுதான் அவர் எழுதியதன் சாரம். சர்ச்சிலின் திரை ஐரோப்பாவின் நடுவில் நிற்கும் சுவர். ரோசனவின் திரையில் இன்னும் கொட்டகையின் வாசனை இருக்கிறது. தீயும் இருக்கிறது.

வெறும் 'கர்ட்டன்ஸ்' என்ற ஒற்றைச் சொல் சாவைக் குறிக்க வந்தது இவற்றையெல்லாம்விடப் பிந்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்கக் கொச்சை அது. துப்பாக்கிப் படங்கள் அதைப் பரப்பின. அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு டாமி கூப்பர் நினைவு வரும். 1984 ஏப்ரல் 15, லண்டன் ஹெர் மெஜஸ்டிஸ் அரங்கம், தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. வித்தை தப்பிப்போகிற மாதிரி செய்து சிரிக்கவைப்பதுதான் அவர் வித்தை. நீள அங்கியை மாட்டிக்கொண்டதும் அப்படியே சரிந்து, பின்னாலிருந்த திரையில் சாய்ந்தார். மாரடைப்பு. சபை சிரித்தது. அவர் விழுவது எப்போதும் சிரிப்புக்காகத்தானே! விளம்பரத்துக்குப் போனார்கள், அவரைத் திரைக்குப் பின்னால் இழுத்தார்கள், அடுத்த கலைஞர்கள் திரைக்கு முன்னால் வந்து நிகழ்ச்சியைத் தொடர்ந்தார்கள். அவருக்கு வயது 63. சிரித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முடிந்தது என்று அவர்களுக்கு யாரும் சைகை கொடுக்கவில்லை.

குண்டுப் பெண்மணிக்கு வருகிறேன். அவள் பாடும்வரை ஆட்டம் முடியாது என்ற பேச்சு அமெரிக்க விளையாட்டு மைதானத்திலிருந்து கிளம்பியது. 1976 மார்ச்சில் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் கார்பென்டர் ஒரு கூடைப்பந்துப் போட்டியில் ஓபராவை வைத்து இப்படிச் சொன்னது ஒரு டல்லஸ் பத்திரிகையில் வந்தது. 1978இல் டான் குக் என்ற விளையாட்டுச் செய்தியாளர் சொல்ல, வாஷிங்டன் புல்லெட்ஸ் பயிற்சியாளர் டிக் மோட்டா அதைப் பிடித்துக்கொண்டார். அந்த வருஷம் அவர் அணி கோப்பையை வென்றது, வாக்கியம் உலகம் சுற்றியது. தென்மாநிலங்களில் அதே சமயத்தில் தேவாலய ஆராதனையைப் பற்றியும் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அந்தப் பெண்மணி முதலில் ஓபராவில் பாடினாளா, கோயில் பாடகர் குழுவில் பாடினாளா என்பதில் இரண்டு கட்சி இருக்கிறது.

ஓபரா கட்சிக்காரர்கள் காட்டுகிற பெண் பிரூன்ஹில்டா. ரிச்சர்ட் வாக்னரின் நான்கு ராத்திரி, ஏறக்குறைய பதினைந்து மணி நேரத் தொடரின் கடைசிப் பகுதி 1876 ஆகஸ்ட் 17 அன்று ஜெர்மனியின் பைரூத் நகரில் அரங்கேறியது. அமலி மாட்டெர்னா பிரூன்ஹில்டாவாகப் பாடினார். காதலனின் சிதைக்கு முன்னால் நின்று, இருபது நிமிஷத்தை ஒட்டித் தனியாகப் பாடி, குதிரையோடு தீயில் பாய்வாள். அத்தனை பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டி, ஒலிபெருக்கி இல்லாமல், அதுவும் பல மணி நேரம் பாடிய பிறகு, அரங்கின் கடைசி வரிசைக்குக் குரல் எட்ட வேண்டும். அந்த நுரையீரலுக்கும் விலா எலும்புக்கும் என்ன பயிற்சி வேண்டும்! அதைச் செய்கிற பாடகியை உடம்பை வைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காத விஷயம். இன்னொன்றும் உண்டு. அவள் பாடி முடித்தால் ஓபரா முடிந்துவிடுவதில்லை. ரைன் நதி பொங்கி வருகிறது. கதையின் மையமான மோதிரத்துக்காக ஹாகன் என்ற வில்லன் தண்ணீரில் பாய்கிறான். மேடையில் கடைசியாக ஒலிக்கும் மனிதக் குரல் அவனுடைய கத்தல்தான். அதன் பிறகும் தேவலோகம் எரிகிற வரை வாத்தியங்கள் சில நிமிஷம் வாசித்துக்கொண்டே இருக்கும். பழமொழியை நம்பி எழுந்து போனவர் அந்த இசையைக் கேட்டிருக்க மாட்டார்.

காரியம் முடிந்தது, இனி காத்திருந்து பயனில்லை என்பதற்கு அமெரிக்கர்கள் 'எல்விஸ் கட்டடத்தைவிட்டுப் போய்விட்டார்' என்பார்கள். 1956 டிசம்பர் 15 அன்று லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் எல்விஸ் பிரெஸ்லி பாடினார். அங்கே நடந்துவந்த ஒரு நிகழ்ச்சித் தொடரில் அவர் பாடிய கடைசி ராத்திரி அது. பாடி முடித்ததும் இளசுகள் கூட்டமாக எழுந்து வாசலை நோக்கி ஓடினார்கள். அறிவிப்பாளர் ஹொரேஸ் லோகன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். எல்விஸ் போலீஸ் காவலோடு பின்பக்கமாகப் போய்விட்டார், கட்டடத்தில் இல்லை, தயவுசெய்து உட்காருங்கள் என்று கேட்டுக்கொண்டார். பல வருஷம் கழித்து அல் டுவோரின் என்ற அறிவிப்பாளர் எல்விஸின் கச்சேரிகள் முடிந்ததும் அதையே சொல்லிக் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பினார். இசைத்தட்டுகளில் பதிவாகி நாம் கேட்பது அவர் குரல். லோகன் சொன்னபோது நிகழ்ச்சி முடியவில்லை. அன்றைக்குப் பாடவேண்டிய மற்ற கலைஞர்கள் மேடையின் பக்கவாட்டில் காத்திருந்தார்கள்.